பம்பரமும் பற்றரியும்

வாடைக்காற்று எழுந்துவிட்டால், முல்லைத்தீவுக் கரையில் நின்று பார்க்கும் நமக்கே தலை சுற்றும். படகில் இருப்போர் நிலையை என்னென்பது! இவ்வாட்டத்தை அடக்கும் கருவியொன்று உண்டு. விரைந்து சுழலும் பம்பரம் சாய மறுக்கிறதல்லவா? அதே தத்துவத்தில் இயங்கும் பாரச் சக்கரம் அது. 'கொன்டே டி சவோயா' என்னும் இத்தாலியக் கப்பல் 1932 இல் அத்தகைய மூன்று சக்கரங்களுடன் கடலிலே சென்றது. இன்று சிறு படகுகளுக்கும் அவை வந்துவிட்டன.

ஆயினும் வாங்குமுன் மின்கணக்குப் பார்த்தல் வேண்டும். முழுவேகம் பெறும்வரை, அரைமணி நேரமோ அதற்கு மேலோ, சக்கரம் மின்சாரத்தை மிகுதியாக உண்ணும். பின்னர் அப்பசி தணியும். தொடக்கத்தில் 1200 வாற்று வேண்டுமென வைத்துக்கொள்வோம். 12 வோல்ற் பற்றரியிலிருந்து அது 100 அம்பியர். 100 அம்பியர்-மணிப் பற்றரியொன்று அரைமணியில் பாதி வற்றிவிடும்! எனவே இயந்திரத்தோடு சுழலும் மின்பிறப்பாக்கியே அச்சுமையைத் தாங்கவேண்டும். நம் கண்ணாடியிழைப் படகுகளின் சிறிய வெளியிணைப்பு இயந்திரங்கள் தரும் மின்சாரமோ சொற்பம். கயிறிழுத்துத் தொடக்கும் சிலவற்றில் அதுவும் இல்லை.

விளக்குக்கும் வழிகாட்டும் ஜீ.பீ.எஸ். கருவிக்கும் உரியதைச் சக்கரம் விழுங்கிவிட்டால், ஆடாத படகு இருளில் கரை சேர்வது எங்ஙனம்? அவ்விரண்டுக்கும் தனிப் பற்றரி ஒதுக்கிய பின்னரே சக்கரத்தின் விலையை விசாரிக்கலாம்.