குளத்து வாளைக்கும் ஒரு கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக் குளங்கள் வான் பாயத் தொடங்கிவிட்டால் வன்னியில் வீட்டுக்கு ஒருவராவது கரப்பும் அத்தாங்குமாய்ப் புறப்பட்டுவிடுவர். புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறும் மீனைப் பிடிப்பது வேட்டையினும் இன்பமானது என்பதை யாரே மறுப்பர்? ஆயினும் அவ்வேளை கையில் அகப்படும் வாளையின் வயிற்றைக் கீறிப் பார்த்தால், பெரும்பாலும் சினை நிறைந்திருக்கக் காணலாம்.

வாளை, கெளிறு, சுங்கான் ஆகியவை செதிலற்ற, மீசையுள்ள ஓர் இனத்தவை. அவற்றுள் வாளையே பெரிது. ஒரு மீற்றரையும் தாண்டி வளரவல்லது. அகன்ற வாயை உடைய அது பிற மீன்களை விழுங்கி வாழும். குறுந்தொகையின் எட்டாம் பாடலில் மரத்தினின்றும் உதிரும் மாம்பழத்தைக் கவ்வும் மீன் இதுவே. ஆலங்குடி வங்கனார் அவ்வாயை நன்கு கண்டவர் போலும்.

மீன் வளரும் விதத்துக்கு 1938இல் கணித வடிவம் தந்தவர் பெர்ட்டலான்பி என்னும் ஒஸ்திரிய உயிரியல் அறிஞர். இளமையில் விரைந்து நீளும் மீன், தன் இனத்துக்குரிய உச்ச அளவை நெருங்க நெருங்க மெல்ல மெல்லவே வளரும். குளிர்நாட்டு மீனின் செவிக்கல்லில் மரத்தின் வளையம்போல் வயது பதிந்திருக்கும். வெப்பநாட்டு மீனில் அது அத்துணைத் தெளிவாய் இராது. ஆகவே மாதந்தோறும் பல நூறு மீன்களை அளந்து, அந்த நீளங்களிலிருந்தே வளர்ச்சியைக் கணிக்கின்றனர்.

சாவுக்கும் கணக்குண்டு. நீர்க்காகம், நீர்நாய், நோய், கோடையில் வற்றும் குளம் ஆகியவற்றால் நேர்வது இயற்கைச் சாவு; வலையால் நேர்வது மற்றொன்று. நீர் வெப்பமானால் இயற்கைச் சாவும் மிகும் என்பதை 1980இல் டானியல் போலி என்பார் பல மீனினங்களை ஒப்பிட்டுக் காட்டினார். மொத்தச் சாவில் வலையின் பங்கு பாதியை மிஞ்சலாகாது என்பது கல்லண்ட் என்ற ஆங்கில அறிஞர் கூறிய பழைய விதி. அப்பாதியே கூடுதல் எனப் பின்வந்தோர் சிலர் கருதினர். நூறு வாளை மாண்டால் எழுபது வலையில் மாண்டன என்று வைத்துக்கொள்வோம். அப்போது முட்டையிடும் பருவத்தை எட்டும் மீன் எத்தனை மிஞ்சும்?

இலங்கை நீர்த்தேக்கங்களில் 8.5 சென்றிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள்வலை தடைசெய்யப்பட்டுள்ளது. 1952இல் இந்நாட்டுக்குக் கொணரப்பட்டு, இன்று குளத்து மீன்பிடியில் பெரும்பங்கு வகிக்கும் யப்பான் மீனுக்கு அவ்விதி இசைவானது. நீண்டு ஒடுங்கிய உடலுடைய வாளைக்கோ அதே கண் போதுமென்று சொல்ல முடியாது. பாதி வளர்ந்த குட்டி வாளையும் அதில் சிக்கும். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வாளையை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களுள் சேர்த்திருப்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் கருத்தில், வலைக்கண்ணைவிடக் காலமே வாளைக்கு நல்ல வேலி. இரணைமடுவுக்கு நீர் கொணரும் கனகராயன் ஆற்றிலும், வவுனிக்குளத்துக்குக் கொணரும் பாலியாற்றிலும், முதல் வெள்ளம் வந்த சில கிழமைகளுக்கு வாய்க்கால் முகத்தை அடைத்து வலை கட்டாதிருந்தால், சினைமீன் தன் இடம் சென்று முட்டையிட்டு மீளும். குளத்து மீனவர் சங்கங்கள் தாமே கூடித் தீர்மானித்துவிடக்கூடிய காரியம் இது. அளவுகோலும் கொப்பியும் கொண்டு துறைக்குப் போய், வந்திறங்கும் மீனின் நீளத்தைக் குறித்துவர நமது உயர்வகுப்பு மாணவராலும் முடியும்.