ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சின் அமைவிடமும் சிலிண்டர் எண்ணிக்கையும்

ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு மகிழுந்தில் எஞ்சின் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது, அதில் எத்தனை சிலிண்டர்கள் (உருளைகள்) உள்ளன என்ற இரண்டும் வண்டி வளைவில் எப்படித் திரும்பும், எப்படி ஒலிக்கும், என்ன விலையாகும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. ரசிகர்களிடையே இது ருசி பற்றிய வாதமாகவே நடக்கிறது. அதன் அடியில் இருப்பது பள்ளிப்பாட இயற்பியல். இந்தியாவில் இக்கேள்விக்குக் கிடைத்த சுவையான விடைகளுள் ஒன்று, மாருதி 800-இன் சிறிய எஞ்சினைக் கொண்டு கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒருவர் உருவாக்கிய பந்தயக் கார் ஆகும்.

எஞ்சினின் இடம்

அம்பாசடர் கார் ஓடிய காலத்திலிருந்து நம் சாலைகளில் முன்பக்க எஞ்சினே வழக்கம். ஆனால் பின்பக்க எஞ்சினும் நமக்குப் புதிதன்று. ஆட்டோ ரிக்‌ஷாவில் எஞ்சின் பின்னால்தான் இருக்கிறது. 2009-இல் விற்பனைக்கு வந்த டாடா நானோவிலும் 624 கன செ.மீ. கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சின் பின்னாலேயே இருந்தது.

ஸ்போர்ட்ஸ் கார்களில் மூன்று மரபுகள் உண்டு. முன்பக்க எஞ்சின், பின்சக்கர இயக்கம் என்பது முதலாவது. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இவ்வகையில் எடையை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பகிர்ந்தது. இரண்டாவது, பின் அச்சுக்கும் பின்னால் எஞ்சினைத் தொங்கவிடுவது. போர்ஷே 911 கார் 1963-இல் அறிமுகமானது முதல் இன்றுவரை இதை விடவில்லை. மூன்றாவது, ஓட்டுநருக்கும் பின் அச்சுக்கும் இடையில் வைக்கும் நடு எஞ்சின். 1966-இல் வந்த லம்போர்கினி மியூரா பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினையே குறுக்காக நடுவில் வைத்துக் காட்டியது. அமெரிக்காவின் கார்வெட் 1953 முதல் முன்பக்க எஞ்சினோடு வந்து, 2020-ஆம் ஆண்டு மாடலில்தான் நடுவுக்கு மாறியது.

காரணத்தை ஒரு காவடித்தண்டைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். தண்டின் இரு முனைகளிலும் தண்ணீர்க் குடம் தொங்கும்போது சட்டென்று உடம்பைத் திருப்ப முடியாது. திருப்பிவிட்டால் நிறுத்தவும் முடியாது. அதே இரண்டு குடங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டால் எளிதில் திரும்பலாம். எடை நடுவே குவியும்போது சுழல்வதற்கான தடை குறைகிறது. நடு எஞ்சினின் பலம் இதுவே. ஆனால் எளிதில் திரும்பும் வண்டி, பிடிமானம் போனால் எளிதில் சுழன்றும் விடும்.

பின் எஞ்சின் வண்டி புறப்படும்போது இயக்கும் சக்கரங்களின் மேலேயே எடை இருப்பதால் நன்றாகப் பிடித்துச் செல்லும். வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கதை மாறும். பாரம் முன்னோக்கிச் சாய்ந்து பின்சக்கரங்களின் பிடி தளர, பின்னால் இருக்கும் எடை நிலைமத்தால் வெளிப்புறமாக இழுக்கும். பழைய 911 கார்களை ஓட்டியவர்கள் இதைப் பட்டுத்தான் கற்றார்கள்.

பார்முலா பந்தயத்தில் இந்த வாதம் எப்போதோ முடிந்துவிட்டது. 1959-இல் ஜாக் பிராபம், எஞ்சின் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கூப்பர் காரில் உலகப் பட்டம் வென்றார். அதன்பின் முன் எஞ்சின் கார் எதுவும் அப்பட்டத்தை வென்றதில்லை.

எத்தனை சிலிண்டர்

நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆகவே நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் மூன்று சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 150 வெடிப்புகள், நான்கில் 200, ஆறில் 300, பன்னிரண்டில் 600. சிலர் இசை என்று கொண்டாடும் ஒலி வேறுபாட்டில் பெரும்பங்கு இந்தக் கணக்குதான்.

அதிர்வு சற்று நுட்பமானது. நேர்வரிசை நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போக இரண்டு கீழே வருவதால் எல்லாம் சமன்படும் என்று தோன்றும். ஆனால் இணைப்புத் தண்டின் சாய்வால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்பாதியில் மெதுவாகவும் நகர்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு இருமுறை ஓர் அதிர்வு மிஞ்சுகிறது. நேர்வரிசை ஆறில் இதுவும் அடங்கிவிடும். மூன்றில் விசைகள் சமன்பட்டாலும் எஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொட்டில்போல ஆட முயலும்.

சிலிண்டர்கள் கூடினால் பிஸ்டன்கள் சிறிதாகி அதிவேகமாகச் சுழல முடியும். உராய்வு, எடை, நீளம், விலை ஆகியவையும் கூடும். நீளத்தைக் குறைக்கத்தான் வி வடிவமும், போர்ஷேயின் எதிரெதிர்ப் படுக்கை வடிவமும்.

மூன்று சிலிண்டரில் தொடங்கிய பாதை

கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800-இன் 796 கன செ.மீ. மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு ஓர் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். வெளிநாட்டு எஞ்சின் தருவிப்பது எளிதாக இல்லாத காலம் அது. மாருதியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்சக்கரங்களுக்காக ஒரே தொகுதியாக இருந்தன. அத்தொகுதியை அப்படியே ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் நடு எஞ்சின் கார் கிடைத்துவிடும். இத்தாலியின் ஃபியட் எக்ஸ்1/9 காரும் 1972-இல் இதே உத்தியைத்தான் கையாண்டது.

பார்முலா மாருதி எனப்பட்ட இந்தக் கார்கள் சோழவரத்திலும், 1990-இல் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் ஓடின. எல்லோருக்கும் ஒரே சிறு எஞ்சின் என்பதால் பணத்தைவிட ஓட்டும் திறனே முன்னுக்கு வந்தது. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையம் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் பார்முலா ஒன் பந்தயத்துக்குச் சென்ற முதல் இந்தியரானார். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது 3 லிட்டர் பத்து சிலிண்டர் டொயோட்டா எஞ்சின். 2010-இல் சென்னையின் கருண் சந்தோக் ஓட்டியதில் எட்டு சிலிண்டர்கள். 2014 முதல் 1.6 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போவும் மின்மோட்டாரும் சேர்ந்தே ஓடுகின்றன. பழைய சத்தம் போயிற்றே என்று வருந்தும் ரசிகர்கள், எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்பதை அதிகம் பேசுவதில்லை.

மலை இறக்கத்தில்

தருமபுரி, சேலம் இடையே தேசிய நெடுஞ்சாலை 44-இல் உள்ள தொப்பூர் கணவாய், சேலத்தை நோக்கி வளைந்து இறங்கும் விபத்துப் பகுதி. இறக்கத்தில் எந்த வண்டியிலும் பாரம் முன்சக்கரங்களுக்குச் சாயும். பின் பிடிமானம் குறையும். அங்கே எஞ்சினே ஒரு பிரேக்காகவும் பயன்படுகிறது. கியரில் இருக்கும்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றவைக்க வேண்டியிருப்பதால் வேகம் மட்டுப்படும். பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் மூடி காற்றைத் தடுப்பதால் இந்த இழுவை தெளிவாகத் தெரியும். டீசல் எஞ்சினில் பொதுவாக அத்தகைய தடுப்பு பயன்படுவதில்லை. எனவே லாரிகளில் புகைபோக்கும் வழியை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்கினால், ஆறு சிலிண்டர் இருந்தும் ஒன்றுகூட வண்டியைப் பிடித்து நிறுத்த உதவாது. முழுச்சுமையும் பிரேக் டிரம்களில் விழுந்து அவை சூடேறிப் பிடியை இழக்கும்.