ஒரே வாத்தியார், மூன்று கடை! சூளகிரியில் யோகா வகுப்பு எடுபடுமா?

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், பெங்களூர் நெடுஞ்சாலை மேலேயே இருக்கிற ஊர் சூளகிரி. ஒரு பக்கம் கொத்தமல்லிக் கட்டும் புதினாக் கட்டும் வண்டி ஏறும். இன்னொரு பக்கம் கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் யோகாசன வகுப்பு நடத்தி, அந்த வருமானத்திலேயே குடும்பத்தை ஓட்ட முடியுமா?

"சும்மா உக்காந்து மூச்சு விடுறதுக்குக் காசா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. "பெங்களூர்ல ஆயிரம் ஆயிரமா வாங்குறாங்களே!" என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் பதில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூரில் வாழ்ந்த ஒரு வாத்தியாரும் அவரிடம் படித்தவர்களும் வாழ்ந்து காட்டிய பதில் அது.

அரண்மனைச் சம்பளம்

அந்த வாத்தியார் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. சித்ரதுர்கா மாவட்டத்தில் 1888ல் பிறந்தவர். காசியில் படித்தவர். அத்தனை படித்தும் யோகம் அவருக்குச் சோறு போடவில்லை. ஹாசன் பகுதியில் ஒரு காபித் தோட்டத்தில் வேலை பார்த்தார். நேரம் கிடைத்தபோது ஊர் ஊராகப் போய் யோகம் பற்றிப் பேசினார்.

மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரை அழைத்துக்கொண்டார். 1933ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறந்தது. சம்பளம் அரண்மனை கொடுத்தது. கூட்டம் சேர்வதற்காக, பல்லால் பாரம் தூக்குவது, ஓடுகிற காரைக் கையால் நிறுத்துவது போன்ற வித்தைகளும் அவர் காட்டியதாகச் சீடர்கள் சொல்லியிருக்கிறார்கள். விளம்பரம் என்பது அன்றைக்கே இருந்தது!

1940ல் மகாராஜா காலமானார். நாடு சுதந்திரம் அடைந்தது. அரண்மனைச் செலவுகள் குறைந்தன. 1950ல் யோகசாலைக்குப் பூட்டு விழுந்தது. 60 வயதைத் தாண்டிய மனிதர், பெரிய குடும்பம், கையில் வேலை இல்லை.

1952ல் அவர் சென்னைக்கு வந்தார். பக்கவாதம் வந்த ஒரு வக்கீலுக்கு உதவத்தான் அழைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக மாணவர்கள் வந்தார்கள். 1989ல், 100 வயதில் மறையும்வரை சென்னையே அவர் ஊராயிற்று.

சூளகிரி வாத்தியாருக்கு இதில் முதல் பாடம் இருக்கிறது. இன்றைக்கு அரண்மனை இல்லை, கம்பெனி இருக்கிறது. "எங்க தொழிலாளிகளுக்கு வாரம் 3 நாள் வகுப்பு எடுங்க" என்று ஒரு கம்பெனி கூப்பிட்டால் போகலாம். தப்பில்லை. ஆனால் அது ஒன்றையே நம்பினால், மானேஜர் மாறுகிற அன்று வகுப்பும் போய்விடும்.

வயலினும் கடிகாரமும்

கிருஷ்ணமாச்சார்யாவின் மைத்துனர் பி.கே.எஸ்.அய்யங்கார். 1918ல் கோலார் மாவட்டம் பெல்லூரில் பிறந்தவர். ஓசூரிலிருந்து மாலூர் வழியாகப் போனால் அதிக தூரம் இல்லை. சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக வந்து போன உடம்பு அது.

1937ல், 18 வயதில், அவரைப் புனேவுக்கு அனுப்பி வைத்தார்கள். ஒப்பந்தம் 6 மாதம். மராத்தி தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. அந்த வேலை சில காலம் நீண்டு, பிறகு நின்றும் போனது. வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டுக்கே திண்டாடிய நாட்கள் உண்டு.

1952ல் உலகப் புகழ் வயலின் வித்வான் யெஹுதி மெனுஹின் பம்பாய் வந்தார். "5 நிமிஷம்தான்" என்று சொல்லித்தான் அய்யங்காரைப் பார்த்தார். அந்த 5 நிமிடம் மணிக்கணக்கில் நீண்டது. 1954ல் மெனுஹின் அவரை சுவிட்சர்லாந்துக்கு அழைத்தார். ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார். தன்னுடைய சிறந்த வயலின் வாத்தியார் இவர்தான் என்று அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் தொழில் வளர்ந்தது கடிகாரத்தால் அல்ல. 1966ல் 'லைட் ஆன் யோகா' புத்தகம் வந்தது. 1975ல் மனைவி ரமாமணி பெயரில் புனேயில் நிறுவனம் திறந்தார். யார் பாடம் சொல்லித்தரலாம் என்பதற்குத் தேர்வும் சான்றும் ஏற்படுத்தினார்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் பெரியது. கயிறு, கட்டை, பெல்ட், நாற்காலி என்று துணைப் பொருட்களை வகுப்புக்குள் கொண்டுவந்தார். குனிய முடியாதவர், வயதானவர், முட்டிவலிக்காரர் எல்லோரும் ஆசனம் செய்ய முடிந்தது. வளைகிற உடம்பு உள்ளவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். வளையாத உடம்பு உள்ளவர்கள் ஊர் முழுக்க! வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

வேலையை விடவில்லை

இரண்டாவது சீடர் கே.பட்டாபி ஜோயிஸ். மைசூர் சமஸ்கிருதக் கல்லூரியில் 1937 முதல் 1973 வரை யோகா ஆசிரியர் வேலை பார்த்தார். 1948லேயே சொந்தமாக யோகசாலை தொடங்கிவிட்டார். ஆனாலும் கல்லூரிச் சம்பளத்தை விடவில்லை. லட்சுமிபுரத்தில் அவர் பாடம் நடத்திய அறையில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் நின்றால் பெரிது.

அந்தச் சின்ன அறையில்தான் ஒரு யுக்தி பிறந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை. அவரவர் வந்து, அவரவர் பாடத்தை அவரவர் வேகத்தில் செய்யலாம். வாத்தியார் சுற்றி வந்து திருத்துவார். ஒருவர் முடித்துப் போனால் அடுத்தவர் அந்த இடத்தில் விரிப்பைப் போடுவார். 1970களில் அமெரிக்கர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். இந்த முறைக்கு 'மைசூர் ஸ்டைல்' என்றே உலகத்தில் பெயர் விழுந்துவிட்டது.

இதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. திருத்துகிறேன் என்று தவறாகத் தொட்டார் என அவர் மீது பல மாணவிகள் பகிரங்கமாகப் புகார் சொன்னார்கள். அவர் 2009ல் காலமானார். 2019ல் பேரன் சரத் ஜோயிஸ் அந்த மாணவிகளிடம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், மாணவியின் நம்பிக்கை உடைந்தால் அதை ஒட்டவைக்க முடியாது. பெண்களுக்குத் தனி நேரம், பெண் ஆசிரியை, கேட்காமல் தொடுவதில்லை என்கிற கட்டுப்பாடு ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு பாடம்

மூன்றாவது, கிருஷ்ணமாச்சார்யாவின் மகன் டி.கே.வி.தேசிகாச்சார். என்ஜினீயரிங் படித்தவர். நல்ல வேலைக்குப் போயிருக்கலாம். 1960களில் அதை விட்டுவிட்டு அப்பாவிடம் பாடம் கேட்க உட்கார்ந்தார். 1976ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் தொடங்கினார்.

அவர் வழியில் கூட்டம் முக்கியமில்லை. ஒரு ஆசிரியர், ஒரு மாணவர். முதுகுவலிக்காரருக்கு ஒரு பாடம். தூக்கம் வராதவருக்கு வேறு பாடம். ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பது மாதிரி முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

ஆக, வாத்தியார் ஒருவர்தான். கடை மூன்று. அய்யங்கார் தரத்தை விற்றார். ஜோயிஸ் நேரத்தை விற்றார். தேசிகாச்சார் கவனத்தை விற்றார். இதில் சூளகிரிக்கு எது சரிப்படும்?

ஷிப்டு சிக்கல்

இந்தப் பக்கத்தில் பெரிய பிரச்சினை ஷிப்டு. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி. "காலை 6 மணி வகுப்பு" என்று போர்டு வைத்தால் தொழிலாளி ஒரு வாரம் வருவார், மறு வாரம் வர மாட்டார், மூன்றாவது வாரம் மறந்தே போவார். மைசூர் அறையின் யுக்தி இங்கேதான் உதவும். காலை 6 முதல் 9 வரை, மாலை 5 முதல் 8 வரை கதவு திறந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால் ஷிப்டு மாறினாலும் ஆள் மாற மாட்டார்.

கணக்கு எப்படி வரும்? உதாரணத்துக்கு 30 பேர், மாதம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூல் 18,000. அறை வாடகை 6,000, கரண்டு, விரிப்பு இதர செலவு 1,000 போக மிச்சம் 11,000 ரூபாய்.

அதில் 10 பேர் நின்றுவிட்டால்? வசூல் 12,000. வாடகை குறையாது. மிச்சம் 5,000! மூன்றில் ஒரு பங்கு ஆள் குறைந்தால் வருமானம் பாதிக்கு மேல் போய்விடுகிறது. புது ஆள் சேர்ப்பதை விட, வந்தவரை நிறுத்திவைப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

இதே வாத்தியார், தேசிகாச்சார் வழியில், மாதம் 1,500 ரூபாய்க்கு 4 பேருக்குத் தனிப் பாடம் எடுத்தால் அந்த 6,000 திரும்பி வந்துவிடும். கடையில் நாள் முழுக்க நிற்கிற வியாபாரி, நாற்காலியை விட்டு எழாத குமாஸ்தா போன்றவர்கள் இதற்கு வருவார்கள். நேரம் கணக்காக இருந்தால் போதும், கூடக் கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

இலவசம் வேறு இருக்கே!

போட்டி இல்லாமல் இல்லை. கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி தொடங்கிய மனவளக்கலை மன்றங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. ஜூன் 21 யோகா தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்திலேயே ஓசியில் சொல்லித்தருகிறார்கள். போனைத் திறந்தால் வீடியோ.

வீடியோ ஆசனத்தைக் காட்டும். "அண்ணே, தோளை இறக்குங்க" என்று சொல்லாது. ரத்த அழுத்தம் உள்ளவரைத் தலைகீழாக நிற்காதே என்று தடுக்காது. முதுகுத் தட்டு விலகியவர் முன்னால் மடங்கி வளைந்தால் என்ன ஆகும் என்று எச்சரிக்காது. சேர வருகிறவரிடம் என்ன நோய், என்ன ஆபரேஷன், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிற வாத்தியாருக்குத்தான் காசு. கேட்காமலே சிரசாசனம் போடவைப்பவர் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

சான்று எங்கே?

யோகா சொல்லித்தர லைசென்ஸ் கட்டாயம் இல்லை. அதனால்தான் ஒரு மாதம் கற்றவரும் போர்டு மாட்டுகிறார். மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018ல் யோகா சான்றளிப்பு வாரியம் ஏற்பட்டது. அதில் படிப்படியாகத் தேர்வுகள் உண்டு. எல்லை தாண்டினால் ஜிகனியில், 2002ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான விவேகானந்தா யோகா நிறுவனம் இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் யோகா படிப்பு உண்டு. சான்று சுவரில் தொங்கினால் கம்பெனிக்காரர்களும் மரியாதையாகப் பேசுவார்கள்.

"நான் கண்டுபிடித்த ஆசன வரிசை, வேறு யாரும் சொல்லித்தரக்கூடாது" என்று சொந்தம் கொண்டாடவும் முடியாது. அமெரிக்காவில் கடை கடையாகத் திறந்த பிக்ரம் சவுத்ரி 26 ஆசனங்களுக்கு அப்படி உரிமை கேட்டார். அந்த வரிசைக்குக் காப்புரிமை கிடையாது என்று 2015ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆசனம் பொதுச்சொத்து. வாத்தியாரின் கவனம் மட்டும்தான் சொந்தச் சொத்து.

வரி உண்டா?

வருஷ வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை சாதாரணமாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. தாண்டினால் வரி உண்டு. முன்பு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்கு யோகாவில் வரிவிலக்கு உண்டு. ஆனால் 'டிரஸ்ட்' என்று பெயர் வைத்தால் மட்டும் தப்பிவிட முடியாது. பதஞ்சலி யோகபீடம் டிரஸ்ட் கட்டணம் வாங்கி நடத்திய முகாம்களுக்குச் சேவை வரி கட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. தொகை சுமார் நாலரைக் கோடி!

சூளகிரியில் தொடங்குகிறவருக்கு நாலரைக் கோடி கவலை உடனே வராது. அவர் கவலை வாடகைதான். பட்டாபி ஜோயிஸ் மாதிரி, அறை நிறையும்வரை இருக்கிற வேலையை விடாமல் இருப்பது நல்லது. அய்யங்கார் மாதிரி, வளையாத உடம்புக்காரரைத் திருப்பி அனுப்பாமல் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைப்பது அதைவிட நல்லது. கிருஷ்ணமாச்சார்யா மாதிரி, ஒரு கதவு மூடினாலும் இன்னொரு ஊரில் ஒற்றை மாணவரை வைத்து மறுபடியும் தொடங்குகிற தெம்பு இருந்தால் போதும்.

வியாபாரம் வளர்கிறதா என்று பார்க்க கணக்கு நோட்டுகூட வேண்டாம். வகுப்பு வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்தால் தெரியும். நேற்றுச் சேர்ந்தவர் செருப்பை எண்ணக்கூடாது. போன வருஷம் சேர்ந்தவர் செருப்பு எத்தனை இன்னும் அங்கே கிடக்கிறது என்று எண்ண வேண்டும்.