ஈறில் கசியும் இரத்தம்

பல் துலக்கும்போது உமிழ்நீரோடு சிறிது இரத்தம் கலந்து வருமாயின், அதனை உடற்சூடு என்றும் வயதின் கோளாறு என்றும் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டு, மறுநாள் முதல் அந்த இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மவரிடையே சர்வ சாதாரணமாக இருக்கிறது. ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் பெற்றிருக்கும் போர்ட் பிளேரில், விமான நிலையத்தை அடுத்த லம்பா லைனில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: இரத்தம் கசியும் இடமே அதிக சிரத்தையோடு துலக்கப்பட வேண்டிய இடம்.

பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில் கிருமிகள் திரண்டு பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. அதை அன்றன்று அகற்றாவிடில், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி, சில தினங்களிலேயே பிரஷுக்கு மசியாத காரையாக இறுகிவிடுகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. பல்லைத் தழுவி நின்ற பிடிப்பு விட்டு இடையே பள்ளம் விழுகிறது. முடிவில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றியே நடந்தேறுவதால்தான், பல் ஆடத் தொடங்கிய பிறகே வைத்தியரை நாடுகிறோம். 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், ஹாரால்ட் லோ என்னும் பல் வைத்திய நிபுணர் ஆரோக்கியமான ஈறுடைய பன்னிருவரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னபோது, மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் குணமாயிற்று. ஆரம்ப நிலையில் இவ்வியாதி முற்றிலும் நீங்கக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ருசு வேண்டுமோ?

அதே லோவும் சகாக்களும் 1970இல் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்து, 1985 வரை தொடர்ந்து கவனித்தார்கள். பல் வைத்தியம் என்பதையே காணாத அம்மனிதருள் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் அதிவேகமாக முற்றி, 45 வயதிற்குள் பல் முழுவதும் விழுந்துபோயிற்று. 81 பேருக்கு மெல்ல வளர்ந்தது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. 2010இல் எஞ்சியோருள் 75 பேரை மீண்டும் சோதித்தபோது, முப்பது வயதில் பல்லின் பிடிப்பு அதிகம் தளராதிருந்தவர்களுக்கே அறுபதிலும் இருபது பற்களாவது பெரும்பாலும் நிலைத்திருக்கும் என்று புலனாயிற்று. உலகப் பாடப்புத்தகங்களுக்கெல்லாம் ஆதாரமான இவ்வறிவை அந்த ஏழை மக்கள் தங்கள் பற்களை இழந்தன்றோ தந்தார்கள்! 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்திற்குப் பின் தாயகம் திரும்பிய மலைநாட்டுக் குடும்பங்கள் சில நிக்கோபாரிலுள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டதை எண்ணினால், இது நம் தீவினருக்கு அந்நியர் கதையன்று.

பாக்குமரம் செழிக்கும் இத்தீவுகளில் வெற்றிலை பாக்கு எளிதில் கிடைப்பது. புகையிலை அதனோடு சேர்ந்துவிட்டால் ஈறுக்குக் கேடு இரட்டிப்பாகிறது. புகை பிடிப்போர்க்கோ இரத்தக் கசிவு குறைந்துவிடுவதால், நோயின் முதல் எச்சரிக்கையே மறைந்துவிடுகிறது. நீரிழிவு ஈறு நோயை வளர்க்கும்; ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்கு அடங்காமல் செய்யும். கர்ப்பிணிகளும் ஈறு வீக்கத்தை அலட்சியம் செய்யலாகாது.

மிருதுவான பிரஷை ஈறின் விளிம்பில் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் சிறுசிறு அசைவாக, காலையும் இரவும் இரண்டு நிமிஷம் துலக்குவதும், பல்லிடுக்குகளை நூலாலோ சிறு பிரஷாலோ சுத்தம் செய்வதும் போதும். செங்கல் பொடியும் கரியும் உப்பும் கொண்டு தேய்ப்பது ஈறைத் தேய்க்குமேயன்றி நோயைப் போக்காது. இறுகிய காரையை வைத்தியர்தான் அகற்ற முடியும். 'கிளீனிங் செய்தால் பல் ஆடும்' என்னும் அச்சம் பலருக்கு உண்டு. உண்மையில், முன்னரே எலும்பு கரைந்து ஆட்டம் கண்ட பல்லைக் காரை கவ்வி மறைத்திருந்தது. அது நீங்கியதும் உண்மை நிலை தெரிகிறது, வீக்கம் வற்றியபின் ஈறு இறுகுகிறது. ஆழ்ந்த பள்ளங்களுக்கு வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வதும், தேவையானால் ஈறைத் திறந்து செய்யும் சிகிச்சையும் உண்டு. கரைந்த எலும்பு பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பாது, ஆனால் மேலும் கரையாமல் காக்கலாம்.

ஆகையால், இரத்தம் கண்டவர்கள் பல் ஆடும்வரை காத்திராமல், போர்ட் பிளேர் ஜி. பி. பந்த் மருத்துவமனையின் பல் பிரிவையோ அருகிலுள்ள பல் வைத்தியரையோ இந்த வாரமே சென்று பாருங்கள். முப்பது வயதாகாத பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.