விண்டோஸை அழிக்குமுன் 6008ஐப் பாருங்கள்

"தம்பி, வைரஸ் ஏறிருச்சு போல. விண்டோஸ மாத்திக் குடுங்க." பசறை டவுனில் இருக்கும் என் திருத்தக் கடைக்கு லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். போன சித்திரையில் வந்த தோட்டப் பள்ளி ஆசிரியரும் அதையே சொன்னார். "சேர், கொஞ்சம் பொறுங்க. அது என்னா எழுதி வச்சிருக்குன்னு பார்ப்போம்" என்றேன்.

விண்டோஸ் தன் உடம்பு நிலையைத் தானே எழுதி வைக்கிறது. தேடும் பெட்டியில் 'ரிலயபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு வரைபடம் வரும். 2007இல் விஸ்டாவோடு வந்த வசதி. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை நாள் வேலைக்கு முழுப்பேர், அரைப்பேர் போடுவதுபோல ஒவ்வொரு நாளுக்கும் 1 முதல் 10 வரை புள்ளி போடும். ஏதாவது கோளாறு நடந்தால் சிவப்பு வட்டம், புள்ளி இறங்கும். குழப்பமில்லாமல் ஓடினால் மெல்ல ஏறும்.

இன்னும் உள்ளே போக 'இவென்ட் வியூவர்' இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு; நான் முதலில் தேடுவது 6008. ஒழுங்காக மூடினால் விண்டோஸ் அதற்கொரு குறி வைத்துவிட்டுப் போகும். ஓடும்போது அவ்வப்போது நேரத்தையும் குறித்துக்கொள்ளும். கரண்ட் சட்டென்று போனால் குறி வைக்க வழியில்லை. மறுபடி ஆன் செய்ததும், குறியைக் காணாமல், கடைசியாகக் குறித்த நேரத்தைப் போட்டு 6008 என்று பதியும். கூடவே 41 விழும். அதற்குள் 'பக்செக் கோட்' பூச்சியம் என்றால் பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும், அல்லது இறுகிப்போன கணினியை யாரோ பட்டனை அழுத்தி நிறுத்தியிருப்பார்கள். வேறு எண் இருந்தால் நீலத்திரை. 'டிஸ்க்' என்ற பேரில் 7 தெரிந்தால் வேறெதையும் தொடாமல் கோப்புகளைப் பிரதி எடுப்பேன். ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கிவிட்டது.

ஆசிரியரின் கணினியில் 6008 வரிசையாக இருந்தது, எல்லாம் இடி இடிக்கும் பின்னேர வேளைகளில். வைரஸ் எதுவும் இல்லை. யூபிஎஸ் பற்றரி செத்திருந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பிறகு, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க மின்சாரம் போனது. அன்று யூபிஎஸ் இல்லாமல் ஓடிய மேசைக் கணினிகள் அந்த நேரத்தையும் குறித்திருக்கும். குரங்கென்று எழுதத் தெரியாது, அவ்வளவுதான்.

நாம் சம்மதித்தால் இத்தகைய கோளாறு அறிக்கைகள் மைக்ரோசொப்டுக்கும் போகும். 2002இல் அதன் பிரதம நிறைவேற்று அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர், 1 வீதமான பிழைகளே பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் என்று இந்த அறிக்கைகளை வைத்துத்தான் எழுதினார். எதை முதலில் திருத்துவதென்று அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அறிக்கையோடு நினைவகத்தின் துண்டும், அதில் நீங்கள் தட்டிய எழுத்தும் போய்விடக்கூடும். விருப்பமில்லாதவர்கள் 'பிரைவசி' அமைப்பில் குறைத்துக்கொள்ளலாம். கணினிக்குள் இருக்கும் பதிவுக்கு இன்டர்நெட்டே தேவையில்லை; மழைக்கு சிக்னல் போகிற நம் தோட்டங்களுக்கு அதுதான் தோது.

விண்டோஸை அழித்துப் போட்டால் இந்தப் பதிவும் சேர்ந்து அழியும். ஆகவே கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுமுன் அந்த 'ரிலயபிலிட்டி' வரைபடத்தை ஃபோனில் படம் பிடித்து, திருத்துகிறவருக்கு முதலில் அதைக் காட்டுங்கள்.