ஹெலிகாப்டர் சேவையும் நிரந்தரச் சான்றிதழும்

விமான நிலையங்கள் பெரும்பாலும் நகர மையத்திலிருந்து தொலைவில் அமைந்துள்ளன. வானில் விரைந்து வந்த பயணி, தரையில் வாகன நெரிசலில் சிக்கித் தவிக்க நேர்கிறது. இச்சிக்கலைத் தீர்க்கும் நோக்கில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் நிறுவனங்கள் தோன்றின. லாஸ் ஏஞ்சலிஸில் 1947ஆம் ஆண்டு ஹெலிகாப்டர்வழி அஞ்சல் சேவை தொடங்கியது. 1953ஆம் ஆண்டு ஜூலை மாதம், நியூயார்க் ஏர்வேஸ் நிறுவனம் அந்நாட்டில் முதன்முதலாகக் கால அட்டவணைப்படி பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்றது.

இச்சேவையை நடத்த இருவகை அனுமதிகள் தேவைப்பட்டன. முதலாவது, பாதுகாப்புச் சான்றிதழ். ஹெலிகாப்டர் பறக்கத் தகுதியுடையதா, விமானி முறையான பயிற்சி பெற்றவரா என்பவற்றை இஃது உறுதி செய்தது. இரண்டாவது, சேவைச் சான்றிதழ். குறிப்பிட்ட சேவை பொதுமக்களுக்கு உண்மையிலேயே தேவையா, அதனை நடத்தும் ஆற்றல் நிறுவனத்திற்கு உண்டா என ஆராய்ந்து, அரசாங்க விமானப் போக்குவரத்து வாரியம் இதனை வழங்கியது. இச்சான்றிதழ் பெற்ற ஹெலிகாப்டர் நிறுவனங்களுக்கு அரசாங்க உதவித்தொகையும் கிடைத்தது.

ஆனால், சேவைச் சான்றிதழ் சில ஆண்டுகளுக்கு மட்டுமே தற்காலிகமாக வழங்கப்பட்டது. அதனால் நிறுவனங்கள் நீண்டகாலத் திட்டம் தீட்ட இயலவில்லை. சில ஆண்டுகளில் காலாவதியாகக்கூடிய உரிமத்தை நம்பி வங்கிகள் பெருந்தொகையைக் கடனாகக் கொடுக்குமா? கடனின்றிப் புதிய ஹெலிகாப்டர்களை எவ்வாறு வாங்குவது? 1955ஆம் ஆண்டு, சிறு நகரங்களை இணைக்கும் விமான நிறுவனங்களுக்கு நிரந்தரச் சான்றிதழ் அளிக்க வகைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. அதே உரிமை ஹெலிகாப்டர் நிறுவனங்களுக்கும் வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது.

மறுதரப்பினரின் வாதத்திலும் நியாயம் இருந்தது. ஹெலிகாப்டரில் இருக்கைகள் குறைவு. அதன் சுழலும் உறுப்புகள் பலவற்றைக் குறிப்பிட்ட பறப்பு நேரத்திற்குப் பின் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆகவே, பயணக் கட்டணம் மட்டும் செலவை ஈடுகட்டவில்லை. சில பெருநகரப் பயணிகளின் வசதிக்காக நாட்டு மக்கள் அனைவரின் வரிப்பணத்தையும் செலவிடலாமா என்னும் கேள்வி எழுந்தது. 1962ஆம் ஆண்டு ஏறத்தாழ 25 பேர் பயணம் செய்யக்கூடிய ஹெலிகாப்டர்கள் பயன்பாட்டுக்கு வந்தபோதும் இக்கேள்வி மறையவில்லை.

1965ஆம் ஆண்டு அரசாங்க உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு இறுதியிலேயே சிகாகோவில் கால அட்டவணைச் சேவை நின்றது. 1968ஆம் ஆண்டு நிகழ்ந்த இரு கோர விபத்துகளால் தளர்ந்த லாஸ் ஏஞ்சலிஸ் நிறுவனம் 1970ஆம் ஆண்டு சேவையை நிறுத்தியது. 1977ஆம் ஆண்டு நியூயார்க்கில் உயர்ந்த கட்டடத்தின் கூரையில் நின்ற ஹெலிகாப்டர் ஒன்று, அதன் தரையிறங்கு கால் முறிந்து சாய்ந்ததில் ஐவர் உயிரிழந்தனர். ஈராண்டுகளுக்குப் பின் நியூயார்க் ஏர்வேஸ் நிறுவனமும் மூடப்பட்டது.

இன்று மின்னாற்றலால் இயங்கும் வான் டாக்சிகளைப் பல நாடுகள் சோதித்து வருகின்றன. அவற்றுக்கும் அரசாங்க அனுமதி இன்றியமையாதது. எனினும், சான்றிதழ் பறப்பதற்கான உரிமையை மட்டுமே தரும். மக்களால் செலுத்த இயன்ற கட்டணமும், அவர்கள் அச்சமின்றி ஏறி அமர்வதற்கான பாதுகாப்பும் இருந்தால்தான் அத்தகைய சேவை நிலைத்து நிற்கும்.