மண்ணுக்குள் வெங்காயமும் மகிழுந்தின் உத்தரவாதமும்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த செட்டிகுளம் சின்ன வெங்காயத்திற்குப் பெயர் பெற்ற ஊர். அறுவடை செய்த காயை உடனே விற்காமல் பட்டறை போட்டுக் காத்து, விலை ஏறும் வேளை பார்த்துச் சந்தைக்குக் கொண்டுவருவது அவ்வட்டார உழவர்களின் வழக்கம். உள்ளே அழுகியது எவ்வளவு, தேறியது எவ்வளவு என்பது பட்டறையைப் பிரிக்கும்போதுதான் தெரியும். ஆகவே வாங்க வரும் வணிகர் மூட்டையின் வாயை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார். அடியிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்ப்பார்.

இந்த வெங்காயம் ஃபிக்ஹு நூல்களுக்கும் அறிமுகமானதே. வெங்காயம், பூண்டு, கேரட், முள்ளங்கி போன்றவற்றை மண்ணைவிட்டுப் பிடுங்குமுன் விற்கலாமா என்னும் வினாவைச் சட்ட அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பொருள் கண்ணுக்கு மறைந்திருப்பதால் அவ்விற்பனை செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு. ஹனஃபி அறிஞர்கள் விற்பனையை ஏற்று, தோண்டிப் பார்த்தபின் வேண்டாமென மறுக்கும் உரிமையை வாங்குபவருக்குத் தருகின்றனர். மாலிகி மத்ஹபு இதற்கு இசைவளிக்கிறது. மேலே தெரியும் தாளைக் கொண்டே கீழிருக்கும் காயின் தரத்தைப் பட்டறிவுள்ளவர் மதிப்பிட்டுவிடுவார் என்பது இப்னு தைமிய்யா (ரஹ்) கூறும் காரணம். இந்தக் கருத்து வேறுபாட்டின் நடுவே நிற்கும் சொல் 'கரர்'. விளைவு மறைந்திருப்பதால் வரும் நிச்சயமின்மையை அது குறிக்கும். நிச்சயமின்மை எந்த வாணிபத்திலும் சிறிதளவேனும் இருக்கும். எந்த அளவைக் கடந்தால் அது ஒப்பந்தத்தைக் கெடுக்கும் என்பதே கேள்வி.

புதிய மகிழுந்து வாங்கச் செல்பவரின் முன்னும் இதே கேள்வி வேறு உருவில் வந்து நிற்கிறது. வண்டியின் விலை, பதிவுக் கட்டணம், காப்புறுதி எல்லாம் பேசி முடித்து ஒப்பமிடும் நேரத்தில், இன்னும் சில ஆயிரம் செலுத்தினால் உத்தரவாதத்தை மேலும் சில ஆண்டுகளுக்கு நீட்டித்துத் தருவதாக விற்பனையாளர் கூறுகிறார். 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்று வழங்கும் இதனை வாங்குவதா, விடுவதா? வாங்கப்படுவது இனி வரக்கூடிய ஒரு பழுது. அது மண்ணுக்குள் இருக்கும் காயைப் போன்றது. காய் இருக்கிறதா என்பதே தெரியாது என்பது கூடுதல் சிக்கல்.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைய வேண்டும். உத்தரவாதம் வேறு, காப்புறுதி வேறு. விபத்து, திருட்டு, வெள்ளம் போன்று வெளியிலிருந்து வரும் இழப்புக்கு உரியது காப்புறுதி. உற்பத்திக் குறையால் உள்ளிருந்து எழும் பழுதுக்கு உரியது உத்தரவாதம். ஓடித் தேய்கின்ற பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வைப்பர், வடிகட்டி, எண்ணெய் ஆகியவை பொதுவாக இதில் அடங்கா. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த நிறுவனங்களே தனியாகப் பொறுப்பேற்கின்றன. வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் ஊரில் வாங்கி நிறுத்திவிட்டுச் செல்லும் கார்களில் எலி வயரைக் கடித்துவிடுவது அடிக்கடி நிகழ்வது. உத்தரவாதத்தில் அதற்கும் இடமில்லை. லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் இத்தகைய வண்டிகள் பல உண்டு என்பதால் இதனைக் குறிப்பிட நேர்ந்தது.

விலைக்குள் அடங்கிய உத்தரவாதமே இப்பொழுது முன்னைவிட நீண்டிருக்கிறது. மாருதி சுசூகி நிறுவனம் 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்றிருந்த தன் உத்தரவாதத்தை 2024 ஜூலையில் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. பணம் செலுத்தி 6 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை நீட்டிக்கவும் வழிசெய்தது. 'இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை' என்னும் சொற்களை இங்கே ஊன்றிப் படிக்க வேண்டும். செட்டிகுளத்திலிருந்து நாள்தோறும் திருச்சிக்குச் சென்று திரும்பும் ஒருவர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட்டுவார். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 27,000 கிலோமீட்டர். ஆறாம் ஆண்டு முடியுமுன்பே அவர் 1.6 லட்சத்தைத் தொட்டுவிடுவார். ஆறு ஆண்டுக்கு என்று அவர் செலுத்திய பணம் ஆறு ஆண்டுக்கும் பயன்படாது. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்குக் கிலோமீட்டர் எல்லை பொருட்டன்று. அவருக்கு ஆண்டுக் கணக்கே கணக்கு.

விற்ற பொருளுக்கு விற்றவர் குறிப்பிட்ட காலம் பொறுப்பேற்பது இந்த நூற்றாண்டின் புதுமை எனக் கருதுவோர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் 'உஹ்தா' பற்றிய பகுதியை நோக்கலாம். அடிமை வணிகம் நடைபெற்ற அக்காலத்தில் மதீனாவில் நிலவிய வழக்கத்தை அது பதிவு செய்கிறது. விற்பனைக்குப் பின் முதல் மூன்று நாட்களில் தோன்றும் எந்தக் குறையும் விற்றவரின் பொறுப்பு. அதன்பின் ஓராண்டு நிறைவெய்தும்வரை சித்தப்பிரமை, பெருநோய், வெண்குட்டம் ஆகியவற்றிற்கு மட்டும் அவர் பொறுப்பு. ஆண்டு முடிந்ததும் முழுவதுமாக விடுபடுகிறார். முதலில் அனைத்துக்கும், பிறகு பட்டியலிட்ட சிலவற்றுக்கு மட்டும் என்ற இந்த அமைப்பு, இன்று கார் நிறுவனங்கள் தரும் உத்தரவாத ஏட்டின் அமைப்பே அல்லவா? மனிதரைச் சரக்காகக் கருதிய ஒரு கொடிய வழக்கம் ஒழிந்தது. அதனையொட்டி எழுந்த சட்ட நுட்பம் மட்டும் நம் சிந்தனைக்கு எஞ்சியிருக்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபு இந்தக் காலவரையறையை ஏற்கவில்லை. அதன்படி, ஒப்படைப்பதற்கு முன்பே இருந்த குறைக்குத்தான் விற்றவர் பொறுப்பாவார். குறையைக் கண்டதும் வாங்கியவர் தாமதியாமல் பொருளைத் திருப்பித் தர முனைய வேண்டும். ஒப்படைத்தபின் புதிதாக எழும் குறை வாங்கியவரைச் சாரும்; அதன் காரணம் முன்னரே இருந்திருப்பின் நிலை வேறு. இந்த விதிவிலக்கு எண்ணிப் பார்க்கத் தக்கது. இரண்டாம் ஆண்டில் உடையும் கியர் பெட்டியின் பழுது, வார்ப்பிலேயே இருந்த விரிசலின் விளைவாக இருக்கக்கூடும். பழுது இன்று வெளிப்பட்டது, காரணமோ ஆலையிலேயே பிறந்தது. கட்டணமின்றி வரும் முதல் உத்தரவாதத்தை இவ்வழியில் விளங்கிக்கொள்ள இடமிருக்கிறது.

ஹனஃபிகளின் வழி இன்னும் எளியது. விற்பனையோடு ஒட்டாத நிபந்தனை அதைக் கெடுக்கும் என்பது அவர்களின் பொதுவிதி. எனினும் மக்களின் வழக்கம் ஏற்றுக்கொண்ட நிபந்தனைக்கு விலக்குண்டு. வார் பூட்டித் தர வேண்டும் என்று பேசிச் செருப்பு வாங்குவது ஹிதாயாவில் வரும் எடுத்துக்காட்டு. உதுமானியப் பேரரசில் 1869க்கும் 1876க்கும் இடையில் தொகுக்கப்பெற்ற மஜல்லாவின் 188ஆம் பிரிவு, கதவில் பூட்டை அறைந்து தருவதாகப் பேசி விற்பதை இதற்குச் சான்றாகக் காட்டுகிறது. கார் நிறுவனம் தானே தரும் உத்தரவாதமும் இன்று உலகெங்கும் அத்தகைய வழக்கமாகிவிட்டது.

சிக்கல் தனிக் கட்டணத்தில் தொடங்குகிறது. பழுது வந்தால் செலுத்தியதைவிடப் பன்மடங்கு கிடைக்கும். வராவிட்டால் செலுத்தியது போயிற்று. வணிகக் காப்புறுதியில் சுட்டப்படும் கரர் இதுவே என்போர் உண்டு. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு ஃபிக்ஹு பேரவை 1985இல் வணிகக் காப்புறுதி ஆகாதென்றும், கூட்டுறவு முறையிலான காப்புறுதி ஆகுமென்றும் முடிவு செய்தது. அதே பேரவை 1998 நவம்பரில் பஹ்ரைனின் மனாமாவில் கூடியபோது பராமரிப்பு ஒப்பந்தங்களைத் தனியாக ஆராய்ந்தது. தெரிந்த வேலைக்குத் தெரிந்த கூலி என்ற முறையில் அமையும் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகும். விற்பனையிலேயே குறிப்பிட்ட காலத்திற்குப் பராமரிப்பை விற்றவர்மீது நிபந்தனையாக்கினால், உதிரிப் பாகங்களோடு ஆயினும் அவையின்றி ஆயினும், அதுவும் ஆகும் என்றது. ஆக, யார் பொறுப்பேற்கிறார், எந்த ஒப்பந்தத்திற்குள் அது வருகிறது என்பதைப் பொறுத்தே தீர்ப்பு மாறுகிறது. விற்பனையோடு இணைந்து, விற்றவரே ஏற்று, காலமுறைச் சேவையையும் உள்ளடக்கி வரும் நீட்டிப்பு ஏற்கத்தக்க பக்கத்தை நெருங்கி நிற்கிறது. வண்டியை விற்றதில் எந்தப் பங்குமில்லாத மூன்றாம் நிறுவனம் பழுதின் செலவுக்கு மட்டும் பொறுப்பேற்று விற்கும் சீட்டு, பெயரில்தான் உத்தரவாதம், இயல்பில் காப்புறுதி. இது இக்கட்டுரையாளரின் கருத்து. இறுதி முடிவுக்குத் தத்தம் ஊர் உலமாக்களை, ஒப்பந்தத் தாளோடு சென்று அணுகுவதே முறை. தாளைக் காட்டாமல் கேட்கும் கேள்விக்குச் சரியான விடை கிடைப்பது அரிது.

வியப்புக்குரியது என்னவெனில், இந்திய வரித்துறையும் ஏறக்குறைய இதே பாகுபாட்டிற்கு வந்து சேர்ந்துள்ளது. நடுவண் மறைமுக வரி வாரியத்தின் 2023 ஜூலைச் சுற்றறிக்கை, பொருளோடு சேர்த்து அப்போதே வாங்கும் நீட்டிப்பைப் பொருள் விற்பனையின் ஓர் அங்கமாகவும், பின்னர் வாங்குவதைத் தனி ஒப்பந்தமாகவும் கொண்டது. 2024 ஜூன் மாதச் சுற்றறிக்கை மேலும் ஒருபடி சென்று, பொருளை விற்றவர் ஒருவர், நீட்டிப்பை விற்பவர் மற்றொருவர் எனில் அது தனிச் சேவையே என்று தெளிவுபடுத்தியது. ஃபிக்ஹு அறிஞர்கள் ஒப்பந்தத்தின் தூய்மைக்காகக் கேட்ட கேள்வியை, அரசு வரி விகிதத்திற்காகக் கேட்டிருக்கிறது.

இனி கணக்கு. ஒரு பேச்சுக்கு, மூன்றாண்டு நீட்டிப்புக்கு 20,000 ரூபாய் கட்டணம் என்றும், வரக்கூடிய பெரிய பழுதின் செலவு 1 லட்சம் என்றும் கொள்வோம். அக்காலத்தில் ஐந்து வண்டிகளில் ஒன்றுக்கு அத்தகைய பழுது வருமானால்தான் கட்டணமும் செலவும் சமமாகும். விற்பவர் தம் இலாபத்தையும் முகவரின் தரகையும் சேர்த்தே விலை வைப்பார் என்பதால், வாங்குவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் கட்டியதைவிடக் குறைவாகவே திரும்பும். ஆனால் தனியொருவர் சராசரியில் வாழ்வதில்லை. திடீரென்று ஒரு லட்சம் செலவாவதைத் தாங்கக்கூடியவர் அந்த 20,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வது மேல். பழுது வராவிடில் பணம் அவரிடமே இருக்கும், கரர் பற்றிய ஐயமும் எழாது. அந்தச் செலவு வந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு நீட்டிப்பின் பெறுமானம் வேறு.

வண்டியின் வகையும் பொருட்டாகும். கையால் கியர் மாற்றும் எளிய பெட்ரோல் வண்டியில் விலைமிக்க பாகங்கள் குறைவு. தானியங்கிக் கியர், டர்போ, தொடுதிரை, கேமரா, உணரிகள் எனப் பெருகப் பெருக, ஒரு பாகத்தின் விலையே ஒரு மாத வருமானத்தை விழுங்கும். மின்கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் என்னும் உத்தரவாதம் பரவலாக முன்னரே இருக்கிறது. அதற்கே மீண்டும் பணம் கட்டுகிறோமா என்று பார்க்க வேண்டும்.

ஒப்பமிடும் நாளன்றே முடிவெடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. முதல் உத்தரவாதம் நடப்பில் இருக்கும்வரை நீட்டிப்பை வாங்கப் பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன. நாள் செல்லச் செல்லக் கட்டணம் உயரும், அவ்வளவே. ஓரிரு ஆண்டு ஓட்டிப் பார்த்தவருக்கு வண்டியின் குணம் தெரிந்துவிடும். இலையைக் கண்டு காயை மதிப்பிடும் உழவரின் நிலை இது. கட்டணம் சற்று உயர்ந்தாலும் அறியாமை குறைகிறது.

சேவை நிலையத்தின் தொலைவும் ஒரு செலவே. உரிய காலத்தில் நிறுவனம் ஏற்ற நிலையத்தில் சேவை செய்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. செட்டிகுளத்தார் அதற்காகப் பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ செல்ல வேண்டும். இது குறித்து இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள்மீது ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்த ஆணை நினைவுகூரத் தக்கது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்பதற்காகவே உத்தரவாதம் முழுவதையும் மறுக்கும் பொது நிபந்தனை கூடாது என்றும், அங்கு நடந்த தவறான வேலையால் விளைந்த சேதத்தை மட்டும் விலக்கலாம் என்றும் அது கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. நடைமுறையில் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே வாதாட வழியுண்டு. கூடுதல் விளக்கு, ஹாரன் ஆகியவற்றிற்காக வயரை வெட்டி ஒட்டுவதும், சொந்தப் பயன்பாட்டு வண்டியை வாடகைக்கு விடுவதும் உத்தரவாதத்தை இழக்கும் வழிகள். பின்னிருக்கையை மடக்கி வெங்காய மூட்டை ஏற்றுவோரும் அளவறிந்து ஏற்றுவது நல்லது.

வாக்குறுதியின் பெறுமானம் அதனைத் தருபவரின் நிலைப்பைச் சார்ந்தது. மறைமலைநகரில் ஆலை நடத்திய ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அதற்கு முன் 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்திய விற்பனையிலிருந்து விலகியது. சேவையும் உதிரிப் பாகங்களும் தொடரும் என்று இரு நிறுவனங்களும் உறுதி கூறின. எனினும் பக்கத்து ஊர் முகவர் கடையை மூடிவிட்டால், தாளில் இருக்கும் உறுதிக்காக நெடுந்தொலைவு செல்ல நேரும்.

நீட்டிப்பை வாங்காதவர் உரிமையற்றவராகிவிடுவதில்லை. உற்பத்திக் குறையால் எழும் வழக்கை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தொடுக்கலாம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாயைத் தாண்டாதிருக்க வேண்டும், வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும். பாதுகாப்புக் குறைக்காக நிறுவனம் திரும்ப அழைக்கும் வண்டிகளுக்கு உத்தரவாதம் முடிந்திருந்தாலும் கட்டணமின்றிச் சரிசெய்து தரப்படும்.

இறுதியாக, நம் வாசகர்கள் தவறவிடக்கூடாத ஒன்று. கார்க் கடன் பெறுவோரிடம் நீட்டிப்புக் கட்டணத்தையும் கடன் தொகையிலேயே சேர்த்துவிடுவது விற்பனையகங்களின் பழக்கம். மாதத் தவணையில் சில நூறு ரூபாய் கூடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. வட்டிக் கடனைத் தவிர்த்து வாங்குவோருக்கு இது பொருந்தாது. இஸ்லாமிய முறையில் முராபஹா வழியாக வாங்குவோரும் நீட்டிப்பு எந்தப் பெயரில், யாருடைய விலைப்பட்டியலில் வருகிறது என்று கேட்க வேண்டும். வேறு வழியின்றிக் கடன் பெற்றவராயினும் நீட்டிப்புக்குரிய தொகையைத் தனி ரசீது பெற்றுக் கைப்பணமாகச் செலுத்தலாம். அந்த ரசீதில் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயர், தொடங்கும் நாள், முடியும் கிலோமீட்டர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பார்க்கலாம்.